தைராய்டு ஹார்மோன் குறைபாட்டைக் கண்டறியும் சோதனை முறைகள்: ஒரு வரலாற்று ஒப்பீடு (1873–2017)

ஆய்வுச்சுருக்கம்

தைராய்டு ஹார்மோன் குறைபாட்டைக் கண்டறிய ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலமாகக் கையாளப்பட்ட சோதனை முறைகளை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. நோயாளியின் தோற்றம், உடலின் ஆக்சிஜன் நுகர்வு, இரத்தத்திலுள்ள அயோடின், பிட்யூட்டரி சுரப்பியின் எதிர்வினை என இம்முறைகள் அளந்த பொருள்கள் வெவ்வேறானவை. ஆகவே ஒரு முறையின் இடத்திற்கு மற்றொன்று வந்தபோது துல்லியம் மட்டும் கூடவில்லை. குறைபாடு என்பதன் வரையறையும், நோயாளி யார் என்பதும் உடன் மாறின என்பது இக்கட்டுரையின் கருத்து. 1931-இல் வெளியான சென்னை அளவீட்டு ஆய்வு இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தைராய்டு, ஹார்மோன் குறைபாடு, அடிப்படை வளர்சிதை மாற்றம், கதிரியக்கத் தடுப்பாற்றல் அளவீடு, டி.எஸ்.எச்., இயல்பு வரம்பு, மருத்துவ வரலாறு

முன்னுரை

தமிழில் ‘குறை’ என்னும் சொல் தனித்து நின்று பொருள் தருவதில்லை. எதனினும் குறைந்தது என்னும் வினா அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆய்வக அறிக்கையொன்றில் ஹார்மோன் குறைபாடு எனக் காணப்படும்போது அவ்வினா மறைந்துவிடுகிறது. அறிக்கையின் ஓரத்தில் ‘இயல்பு வரம்பு’ என அச்சிடப்பட்டுள்ள இரண்டு எண்களே அதற்கான விடையாக ஏற்கப்படுகின்றன. அவ்வெண்கள் யாருடைய உடலை அளந்து பெறப்பட்டவை, எந்தக் கருவியால் பெறப்பட்டவை என்பது அறிக்கையில் இடம்பெறுவதில்லை.

மருத்துவ வரலாற்று நூல்கள் சோதனை முறைகளின் வரலாற்றைப் பெரும்பாலும் முன்னேற்றக் கதையாகவே கூறுகின்றன. பழைய முறை பிழை மலிந்தது, புதிய முறை அதனைத் திருத்தியது என்பது அக்கதையின் போக்கு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் ஒரே பொருளை மேலும் மேலும் நுட்பமாக அளந்த வரலாறு அன்று இது. ஒவ்வொரு முறையும் உடலின் வேறொரு நிகழ்வை அளந்து, அதனையே குறைபாட்டின் அடையாளமாக முன்வைத்தது. தைராய்டு சுரப்பி இதனை ஆராய்வதற்கு ஏற்ற களம். ஹார்மோன் குறைபாடுகளுள் மிக முன்னதாகவே சிகிச்சை கண்டது தைராய்டுக் குறைபாடே. முற்றிலும் வேறுபட்ட அடிப்படைகளைக் கொண்ட சோதனைகள் அடுத்தடுத்து ஆட்சி செய்ததும் அதன் வரலாற்றில்தான்.

சொல்லாட்சி குறித்து ஒன்று கூறவேண்டும். ஹார்மோன் என்பதற்கு இயக்குநீர், வளரூக்கி முதலிய தமிழாக்கங்கள் வழக்கில் உள்ளன. இக்கட்டுரையில் ஹார்மோன் என்ற சொல்லே கையாளப்படுகிறது. இச்சொல்லை எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1905-இல்தான் அறிமுகப்படுத்தினார். அடுத்த பகுதியில் இடம்பெறும் மருத்துவர்கள் அனைவரும் இச்சொல் பிறப்பதற்கு முன்பே இக்குறைபாட்டை அடையாளம் கண்டு சிகிச்சையும் அளித்தவர்கள் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

சிகிச்சையே சோதனையான காலம்

1873-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல், நடுவயதுப் பெண்களிடம் தோன்றும் ஒரு நிலையை விவரித்தார். முகம் தடித்து அகல்கிறது. நாக்குப் பருத்துப் பேச்சுக் குழறுகிறது. மனமும் உடலும் மந்தமடைகின்றன. 1878-இல் வில்லியம் ஆர்டு இந்நிலைக்கு மிக்சிடீமா எனப் பெயரிட்டார். தைராய்டுடன் இதற்குள்ள தொடர்பு அறுவை மருத்துவத்தின் வழியாகவே தெளிவுபெற்றது. முன்கழுத்துக் கழலைக்காகச் சுரப்பியை முழுவதுமாக நீக்கிய தம் நோயாளிகள் பின்னர் இதையொத்த நிலைக்கு ஆளானதைச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் தியோடர் கோகர் 1883-இல் அறிவித்தார். இலண்டன் கிளினிக்கல் சொசைட்டி அமைத்த குழு 1888-இல் அளித்த அறிக்கை, கிரெட்டினிசம், மிக்சிடீமா, அறுவைக்குப் பிந்தைய சீர்கேடு ஆகிய மூன்றும் தைராய்டின் செயல் இழப்பால் விளைபவை என முடிவு செய்தது.

1891-இல் நியூகாசில் மருத்துவர் ஜார்ஜ் மர்ரி, செம்மறியாட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை மிக்சிடீமா கண்ட 46 வயதுப் பெண்ணொருவருக்கு ஊசிவழிச் செலுத்தினார். சில மாதங்களில் அப்பெண் தம் பழைய தோற்றத்தை மீட்டுக்கொண்டார். மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919-இல் தம் 74-ஆம் வயதில் மறைந்தார். அதுவரை அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு பயன்பட்டதாக மர்ரி பின்னர் கணக்கிட்டு எழுதினார்.

இக்காலத்தில் தனியாக ஒரு சோதனை முறை கிடையாது. தோற்றத்தைக் கண்டு ஐயுறுதல், சாற்றைக் கொடுத்துப் பார்த்தல், உடல் தேறினால் குறைபாடு இருந்தது எனத் தெளிதல் ஆகியனவே நடைமுறை. இதனைச் செப்பமற்ற முறை எனத் தள்ளிவிடுவது எளிது. கடுமையான குறைபாட்டை மட்டுமே இம்முறை காட்டும். மிதமானது கண்ணுக்குத் தப்பிவிடும். ஆயினும் பிற்கால முறைகள் எவற்றிற்கும் இல்லாத ஒரு பண்பு இதற்கு உண்டு. சிகிச்சைக்கு முன்னும் பின்னுமாக எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள் அக்கால மருத்துவ இதழ்களில் இணையாக அச்சிடப்பட்டன. அந்நோயாளியின் முந்தைய உடல்நிலையே அளவுகோலாயிற்று. வேறொருவருடைய உடல் அங்கு ஒப்பீட்டுக்கு வரவில்லை.

மூச்சில் அளந்த குறைபாடு

எண்ணால் அளக்கும் முறை ஜெர்மனியில் தோன்றியது. 1895-இல் பெர்லினில் அடால்ஃப் மாக்னஸ்-லெவி, தைராய்டு மிகையாகச் செயற்படுவோரிடம் ஆக்சிஜன் நுகர்வு உயர்ந்தும், மிக்சிடீமா கண்டோரிடம் தாழ்ந்தும் இருப்பதைக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கண்டுபிடிப்பு மருத்துவமனைச் சோதனையாக உருப்பெற்றது. அதில் பெரும்பங்கு வகித்தவர் பாஸ்டன் நகரில் கார்னகி நிறுவனத்தின் ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்திய ஃபிரான்சிஸ் பெனடிக்ட்.

சோதனைக்கு உட்படுபவர் பன்னிரண்டு மணி நேரம் உணவின்றி இருத்தல் வேண்டும். காலையில் படுத்த நிலையில் அசைவின்றி ஓய்வெடுத்தபின், மூக்கைக் கவ்வியால் அடைத்து, வாயில் பொருத்திய குழாய்வழி மூடிய கருவியிலுள்ள ஆக்சிஜனைச் சுவாசிப்பார். வெளிவிடும் கரியமில வாயுவைச் சோடா சுண்ணாம்பு ஈர்த்துக்கொள்ள, ஆக்சிஜன் குறையக் குறையக் கருவியின் மணிக்கலம் தாழும். அத்தாழ்வைச் சுழலும் உருளையில் எழுதுகோல் வரையும். நுகர்ந்த ஆக்சிஜனிலிருந்து உடல் ஆக்கும் வெப்பம் கலோரியில் கணக்கிடப்படும். பின்னர், அதே பாலும் வயதும் உடலளவும் உடையவருக்குரிய எதிர்பார்ப்பு அளவினின்று அது எத்தனை விழுக்காடு மிகுந்தது அல்லது குறைந்தது எனச் சொல்லப்படும். இதுவே அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம். மேலும் கீழுமாக 10 அல்லது 15 விழுக்காடு வரை இயல்பு எனக் கொள்ளப்பட்டது. முற்றிய மிக்சிடீமாவில் அது 30 முதல் 40 விழுக்காடு வரை தாழும்.

அந்த எதிர்பார்ப்பு அளவு எங்கிருந்து வந்தது? பரவலாக ஆளப்பட்ட வாய்பாடுகளுள் ஒன்றை ஆர்தர் ஹாரிசும் பெனடிக்டும் 1919-இல் வெளியிட்டனர். அதன் அடிப்படை, 136 ஆண்கள், 103 பெண்கள், 94 பச்சிளங்குழந்தைகள் ஆகியோரிடம் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட அளவீடுகள். புள்ளியியல் நோக்கில் அக்காலத்திற்கு அது போற்றத்தக்க பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் 103 அமெரிக்கப் பெண்களின் ஆக்சிஜன் நுகர்வு உலகப் பெண்கள் அனைவருக்கும் உரிய எதிர்பார்ப்பாக மாறியது. மர்ரியின் நோயாளி தம் பழைய உடலோடு ஒப்பிடப்பட்டார். இப்போது ஒவ்வொருவரும் தாம் கண்டிராத ஒரு சராசரி உடலோடு ஒப்பிடப்படலாயினர்.

சென்னைப் பெண்களும் பாஸ்டன் அளவுகோலும்

1931-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் ‘தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை வளர்சிதை மாற்றம்’ என்னும் பொருளில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதியோர் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசனும் பாஸ்டனின் பெனடிக்டும். அளவுகோலை வகுத்தவரே அவ்வளவுகோலுக்குப் புறத்தேயிருந்த உடல்களை அளக்கும் பணியில் பங்கேற்றார் என்பது இங்குக் கருதத்தக்கது. அளவீட்டின் முடிவு தெளிவானது. நலமுள்ள தென்னிந்தியப் பெண்களின் வீதம் அமெரிக்க அளவுகோலினும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தாழ்ந்திருந்தது. அடுத்த ஆண்டில் பி.டி. கிருஷ்ணனும் சி. வரீதும் சென்னைக் கல்லூரி மாணவ மாணவியரை அளந்து வெளியிட்ட ஆய்விலும் அவ்வாறே தாழ்ந்த அளவுகள் பதிவாயின.

இயல்பின் கீழ் எல்லை 15 விழுக்காடு எனக் கொண்டால், நோயேதுமின்றி நடமாடிய அப்பெண்களுள் சராசரியானவரே தைராய்டுக் குறைபாட்டின் விளிம்பைத் தாண்டியவராகிறார். அமெரிக்க அட்டவணையை மட்டும் நம்பிய மருத்துவரொருவர் சென்னையில் இச்சோதனையைச் செய்திருந்தால் நலமுள்ளோர் பலரை அவர் நோயாளியாகவே கண்டிருக்க வேண்டும். அதன் மறுதலையும் உண்டு. யுகட்டான் பகுதி மாயா மக்களை அளந்து 1928-இல் வெளியான ஆய்வில் அவர்களது வீதம் அமெரிக்க அளவுகோலினும் உயர்ந்திருந்தது. அம்மக்களிடையே உண்மையான குறைபாடு உடையவர் இயல்பானவராகத் தோன்றிவிடக்கூடும்.

இவ்வேறுபாட்டிற்கு அக்கால ஆய்வாளர்கள் முதலில் தேடிய விளக்கம் இனம். காலநிலை, புரத உணவின் குறைவு, படுத்த நிலையில் தசைகளைத் தளர்த்தும் இயல்பு ஆகியனவும் எண்ணிப் பார்க்கப்பட்டன. 1934-இல் மேசனும் பெனடிக்டும் உறக்கத்தின் விளைவைத் தனியே ஆராய்ந்து எழுதினர். இவ்வினாவை மேசன் எளிதில் விட்டுவிடவில்லை. பம்பாயில் இந்திய, ஐரோப்பியப் பெண்களின் வளர்சிதை மாற்றத்தையும் உடற்கூட்டமைப்பையும் ஒப்பிட்ட அவர்தம் கூட்டாய்வு 1964-இல் வெளியாயிற்று. முப்பதாண்டுகளுக்கும் மேலாக ஒரே வினாவைத் தொடர்ந்த அவருடைய பணி தமிழகத்தின் அறிவியல் வரலாற்றில் உரிய இடத்தைப் பெறவில்லை என்றே கருதவேண்டியுள்ளது.

விடை இன்னும் பிற்பட்டே கிடைத்தது. சோரஸ், பியர்ஸ், ஓடீ, செட்டி ஆகியோர் இந்திய, ஆஸ்திரேலியத் தரவுகளை ஒப்பிட்டு 1998-இல் வெளியிட்ட ஆய்வு, உடற்கூட்டமைப்பைக் கணக்கிற்கொண்டால் அடிப்படை வளர்சிதை மாற்றத்தில் இனத்தின் தாக்கத்திற்குச் சான்றில்லை என்றது. கொழுப்பு நீங்கிய உடற்பகுதியே ஆக்சிஜனைப் பெரிதும் செலவிடுகிறது. எடை, உயரம் ஆகியவற்றை மட்டும் கொண்டு வகுத்த வாய்பாடு அப்பகுதியின் வேறுபாட்டைக் காணாது. சென்னையில் பதிவான தாழ்வு தைராய்டின் தாழ்வன்று; இனத்தின் தாழ்வும் அன்று. அளவுகோல் எதனை அளக்கவில்லை என்பதையே அது காட்டியது.

இரத்தத்தில் அயோடினைத் தேடுதல்

மூச்சுச் சோதனைக்கு வேறு இடர்ப்பாடுகளும் இருந்தன. அச்சம், காய்ச்சல், உணவுக்குறைவு, முதல்நாள் உறக்கமின்மை ஆகிய அனைத்தும் எண்ணை மாற்றும். மூக்கை அடைத்த நிலையில் அமைதியாக இருக்கச் சொல்வதே அமைதியைக் குலைக்கும் என்பதனை மருத்துவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே விளைவை விடுத்துப் பொருளையே அளக்கும் முயற்சி எழுந்தது. எட்வர்ட் கெண்டால் 1914 டிசம்பர் 25 அன்று தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்திருந்தார். சார்லஸ் ஹாரிங்டன் 1926–27-இல் அதன் அமைப்பைத் தெளிவுபடுத்திச் செயற்கையாகவும் ஆக்கினார். எனினும் இரத்தத்தில் அது உள்ள சிற்றளவை நேரே அளக்க வழியில்லை. தைராக்சினில் அயோடின் உண்டு. அது புரதத்துடன் பிணைந்து இரத்தத்தில் செல்லும். ஆகவே புரதத்தை வீழ்படிவாக்கி, அதனோடு பிணைந்த அயோடினை அளந்தால் ஹார்மோனின் அளவு தெரியவரும் என்பது கருத்து. 100 மில்லிலிட்டருக்கு 4 முதல் 8 மைக்ரோகிராம் வரை இயல்பெனக் கொள்ளப்பட்டது.

இம்முறையின் வலிமையே அதன் பலவீனமும் ஆயிற்று. அயோடின் எங்கிருந்து வந்தது என அது கேளாது. அயோடின் கலந்த இருமல் மருந்து, எக்ஸ்ரே படத்திற்காகச் செலுத்தப்படும் சாயம் ஆகியவை எண்ணைப் பலநாள் உயர்த்திவைக்கும். கருவுற்ற பெண்ணிடம் தைராக்சினைப் பிணைக்கும் புரதம் மிகுவதால், ஹார்மோன் தேவை நிறைவேறாத நிலையிலும் எண் நிறைவாகத் தோன்றலாம்.

கதிரியக்க அயோடினைச் சுரப்பி எவ்வளவு உறிஞ்சுகிறது என அளக்கும் முறை 1938-இல் பாஸ்டனில் ஹெர்ட்ஸ், ராபர்ட்ஸ், எவான்ஸ் ஆகியோரின் முயல் ஆய்வில் தொடங்கி, விரைவில் மனிதருக்கும் வந்தது. மிகைச் செயலைக் காட்டுவதில் சிறந்த இம்முறை குறைபாட்டைக் காட்டுவதில் அத்துணைச் சிறக்கவில்லை. இங்கும் இடம் சார்ந்த சிக்கல் எழுந்தது. அர்ஜென்டினாவின் மென்டோசாவில் கழலை மிகுந்த மக்களிடையே ஸ்டான்பரி குழுவினர் நடத்தி 1954-இல் நூலாக வெளியிட்ட ஆய்வு, அயோடின் கிடைக்காத சுரப்பி கிடைத்ததை வேட்கையோடு உறிஞ்சுவதைக் காட்டியது. பாஸ்டனில் மிகைச் செயலாகப் படிக்கப்படும் உயர்ந்த எண், மென்டோசாவில் அயோடின் பசியின் எண்ணாகும்.

எதிர்ப்பொருள் கருவியாதல்

அடுத்த மாற்றம் தைராய்டு ஆய்விலிருந்து வரவில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், துப்புரவுப் பொருள்கள் வைக்கும் சிற்றறையொன்றை ஆய்வகமாக்கிக்கொண்டு பணியைத் தொடங்கியவர் அணு இயற்பியலாளர் ரோசலின் யாலோ. 1950-இல் மருத்துவர் சாலமன் பெர்சன் அவருடன் இணைந்தார். நீரிழிவு நோயாளிகளின் உடலில் இன்சுலின் விரைந்து சிதைகிறது என்ற கருத்தைச் சோதிக்கக் கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினைச் செலுத்திப் பார்த்தனர். முடிவு நேர்மாறாயிற்று. முன்னரே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் இரத்தத்தில் அது நெடுநேரம் தங்கியது. இன்சுலினுக்கு எதிராக உடல் எதிர்ப்பொருளை ஆக்கி அதனைப் பற்றிக்கொள்கிறது என்பது அவர்களது விளக்கம்.

இத்துணைச் சிறிய புரதம் எதிர்ப்பொருளைத் தூண்டாது என்பது அன்றைய துணிபு. சயன்ஸ் இதழ் கட்டுரையை மறுத்தது. மற்றோர் இதழ் தலைப்பிலிருந்து ‘இன்சுலின் எதிர்ப்பொருள்’ என்னும் தொடரை நீக்கியபின்னரே 1956-இல் வெளியிட்டது. மறுப்புக் கடிதமொன்றை யாலோ தம் நோபல் உரையில் எடுத்துக்காட்டினார்.

அவ்விருவரும் இதிலிருந்து ஒரு சோதனை முறையை உருவாக்கி 1960-இல் வெளியிட்டனர். அதன் அடிப்படை எளிது. குறிப்பிட்ட அளவு எதிர்ப்பொருளும், கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோனும் ஒரு குழாயில் சேர்க்கப்படுகின்றன. அவற்றோடு நோயாளியின் இரத்த ஊநீரைச் சேர்த்தால், அதிலுள்ள ஹார்மோன் எதிர்ப்பொருளின் பிணைவிடங்களுக்குப் போட்டியிடும். ஊநீரில் ஹார்மோன் மிகுந்தால் கதிரியக்க ஹார்மோன் மிகுதியாக வெளித்தள்ளப்படும். பிணைந்து நிற்கும் கதிரியக்கத்தை எண்ணினால் ஹார்மோனின் அளவு தெரியும். கதிரியக்கத் தடுப்பாற்றல் அளவீடு எனப்பட்ட இம்முறைக்கு அவர்கள் காப்புரிமை கோரவில்லை. உலகெங்கும் ஆய்வகங்கள் அதனைத் தடையின்றி மேற்கொள்ள இது துணைசெய்தது. இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இவ்வளவீட்டிற்கான பொருள்தொகுதிகளை உள்நாட்டிலேயே உருவாக்கி வழங்கியது. பெர்சன் 1972-இல் மறைந்தார். 1977-ஆம் ஆண்டின் நோபல் பரிசு யாலோவுக்கு, கில்லெமின், ஷாலி ஆகியோருடன் பகிர்ந்து வழங்கப்பட்டது.

பிட்யூட்டரியின் சாட்சி

1965-இல் இம்முறை மனித டி.எஸ்.எச். எனப்படும் தைராய்டு தூண்டும் ஹார்மோனுக்கு விரிவடைந்தது. வரலாற்று நோக்கில் இதுவே பெருந்திருப்பம். டி.எஸ்.எச். தைராய்டின் பொருளன்று. தைராய்டு ஹார்மோன் குறைவதை உணர்ந்து பிட்யூட்டரி அனுப்பும் தூண்டுதல் அது. தைராக்சின் சிறிதளவு குறைந்தாலும் டி.எஸ்.எச். பன்மடங்கு உயரும். கட்டற்ற தைராக்சின் பாதியாகும்போது டி.எஸ்.எச். நூறு மடங்கு வரை உயரக்கூடும். இதன்பின் மருத்துவர் குறைபாட்டை நேரே அளப்பதை விடுத்து, அவ்வுடலின் பிட்யூட்டரி அதனைக் குறைபாடாகக் கருதுகிறதா எனக் கேட்கலானார். ஒருவகையில் இது மர்ரியின் காலத்திற்குத் திரும்புவதாகும். ஒப்பீடு மீண்டும் அவரவர் உடலுக்குள்ளேயே நிகழ்கிறது. ஆனால் பிட்யூட்டரியின் விடையைப் படிப்பதற்கு மீண்டும் பொதுவான எண் வரம்பே தேவைப்பட்டது.

சிகிச்சையில் இதன் விளைவு உடனடியாகத் தெரிந்தது. அறிகுறியையும் மூச்சுச் சோதனையையும் பார்த்து நாளொன்றுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் வரை தைராக்சின் பெற்றுவந்தவர்களிடம் டி.எஸ்.எச். பெரிதும் அடங்கியிருப்பது தெரியவந்தது. 1970-களுக்குப்பின் வழக்கமான அளவு 100 முதல் 150 மைக்ரோகிராம் அளவிற்கு இறங்கியது. நலமடைந்ததாக உணர்ந்த நோயாளி மிகை மருந்து உண்பவராக மறுவரையறை செய்யப்பட்டார். மிகை மருந்தால் இதயத்துடிப்புக் கோளாறும் எலும்புத் தேய்வும் நேரும் என்பது பின்னர் உறுதிப்பட்டது. எனினும் ‘எண் சரியாயிற்று, எனக்குச் சரியாகவில்லை’ என்னும் நோயாளியின் முறையீடு அப்போதுதான் தொடங்கியது. இன்றும் அது தீரவில்லை.

மறுபுறத்தில் புதியதொரு நோய்நிலை தோன்றியது. தைராக்சின் இயல்பு வரம்பிற்குள் இருக்க டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்திருப்பதை அறிகுறியற்ற தைராய்டுக் குறைபாடு என அழைத்தனர். இங்கிலாந்தின் டரம் மாவட்டத்து விக்காம் பகுதியில் 2,779 பேரை ஆராய்ந்து 1977-இல் வெளியான கணக்கெடுப்பு, மக்களிடையே, சிறப்பாக வயது முதிர்ந்த பெண்களிடையே, டி.எஸ்.எச். உயர்வு அரிதன்று எனக் காட்டியது. அம்மக்களையே இருபதாண்டுகள் கழித்துத் தொடர்ந்தாய்ந்து 1995-இல் வெளியிட்டபோது, டி.எஸ்.எச். உயர்வோடு தைராய்டு எதிர்ப்பொருளும் இருந்தவர்கள் வெளிப்படையான குறைபாட்டை அடையும் வாய்ப்பு மிகுதி என்பது தெளிவாயிற்று. ஆகவே இந்நிலையை ஆய்வகத்தின் கற்பனை எனத் தள்ள இயலாது. அதே வேளையில், 1873-இல் வில்லியம் கல் கண்ட நோய்க்கும் இதற்கும் பெயரளவில்தான் ஒற்றுமை. முன்னதை அறைக்குள் நுழைந்த மருத்துவர் கண்ணால் கண்டார். பின்னதை அறிக்கை வரும்வரை நோயாளியே அறியார்.

குதிகாற் குருதித்துளி

சோதனையின் மதிப்பு மிகத் தெளிவாக மெய்ப்பட்ட இடம் பச்சிளங்குழந்தைகளின் மருத்துவம். பிறவித் தைராய்டுக் குறைபாடு உடைய குழந்தை பெரும்பாலும் பிறந்தவுடன் மற்றக் குழந்தைகளைப் போன்றே தோன்றும். அறிகுறி தெரியவருவதற்குள் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டுவிடும். 1970-களின் நடுப்பகுதியில் கனடாவின் கியூபெக்கில் ழான் துய்சோ, குதிகாலிலிருந்து எடுத்து வடிதாளில் உலர்த்திய குருதித்துளியில் தைராக்சினை அளந்து, மாகாணம் முழுவதற்குமான சோதனையைத் தொடங்கிவைத்தார். மூன்று அல்லது நான்காயிரம் குழந்தைகளுள் ஒன்றுக்கு இக்குறைபாடு இருப்பது இத்தகைய திட்டங்களால் தெரிந்தது.

தைராக்சினை முதலில் அளப்பதா, டி.எஸ்.எச்.-ஐ முதலில் அளப்பதா என்னும் வினா இங்குப் பொருள் பொதிந்தது. தைராக்சினை முதலாகக் கொண்டால், பிட்யூட்டரியே பழுதுபட்டதால் நேரும் குறைபாடும் அகப்படும். ஆனால் குறைமாதக் குழந்தைகள் பலர் வீணே மறுசோதனைக்கு அழைக்கப்படுவர். டி.எஸ்.எச்.-ஐ முதலாகக் கொண்டால் வீண் அழைப்புக் குறையும். பிட்யூட்டரிவழிக் குறைபாடு தப்பிவிடும். மேலும் பிறந்த முதல் நாளில் டி.எஸ்.எச். இயல்பாகவே மிக உயரும். 48 மணி நேரத்திற்குப்பின் குருதி எடுப்பது நல்லதெனினும், தாயும் சேயும் விரைந்து வீடு திரும்பும் மருத்துவமனைகளில் அது எளிதன்று. தொப்புள்கொடிக் குருதி மாற்றாகிறது. ஆக, எம்முறை சிறந்தது என்பதற்கு ஆய்வகம் மட்டும் விடை கூறிவிட முடியாது. பேறுகாலப் படுக்கையின் எண்ணிக்கையும் அதில் பங்கு கொள்கிறது.

இந்தியாவில் இவ்வளவீட்டின் தாக்கம் வேறொரு தளத்தில் நிகழ்ந்தது. காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் இராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய அயோடின் உப்பு ஆய்வு, கழுத்திலுள்ள கழலையைக் கண்டு எண்ணியது. தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1962-இல் அதன் வழியே பிறந்தது. 1980-களில் கொச்சுப்பிள்ளை, காட்போலே முதலானோர் உத்தரப்பிரதேசத்தின் கோண்டா, தேவரியா முதலிய மாவட்டங்களில் தொப்புள்கொடிக் குருதியைக் கதிரியக்க அளவீட்டுக்கு உட்படுத்தினர். கழலை தோன்றாத பிறந்த குழந்தைகளிடையே தைராய்டுக் குறைபாடு மிகப் பரவலாக இருப்பது அதனால் வெளிப்பட்டது. கழுத்தின் அழகுக் குறையாகக் கருதப்பட்டது மூளை வளர்ச்சியின் சிக்கலாயிற்று. 1992-இல் திட்டத்தின் பெயரே அயோடின் பற்றாக்குறை நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் என மாறியது. ஒரு சோதனை முறையின் மாற்றம் அரசுத் திட்டமொன்றின் பொருளையே விரிவாக்கியதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

மீண்டும் அளவுகோல்

இன்றைய ஆய்வகங்களில் கதிரியக்கத்தின் இடத்தை ஒளிர்வேதியியல் முறை பெற்றுள்ளது. இரு எதிர்ப்பொருள்களுக்கு இடையே ஹார்மோனைப் பிணிக்கும் இம்முறை, தொடக்கக் கால அளவீட்டினும் நூறு மடங்கு வரை குறைந்த டி.எஸ்.எச்.-ஐயும் பிரித்தறியும். இதற்கும் இடையூறுகள் உண்டு. முடி வளர்ச்சிக்கென உண்ணப்படும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளில் டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதுபற்றி 2017-இல் எச்சரித்தது.

கருவியின் பிழையைவிட ஆழமானது வரம்பின் சிக்கல். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் டி.எஸ்.எச்.-இன் மேல் எல்லை லிட்டருக்கு 2.5 மில்லி அலகு எனக் கொள்ளுமாறு அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2011-இல் பரிந்துரைத்தது; வட்டார அளவு இல்லாத இடங்களுக்கே இது எனினும், நடைமுறையில் எங்கும் பரவியது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 2008-இல், மார்வாகா குழுவினர் நலமுள்ள இந்தியக் கர்ப்பிணிகளை ஆராய்ந்து, அதே காலப்பகுதிக்கு மேல் எல்லை 5.0 என வெளியிட்டிருந்தனர். 2.5-க்கும் 5.0-க்கும் இடைப்பட்ட எண்ணைப் பெற்ற கர்ப்பிணி ஓர் அளவுகோலின்படி நோயாளி, மற்றொன்றின்படி நலமுடையவர். 2017-இல் அமெரிக்கச் சங்கம் தன் பரிந்துரையைத் திருத்தியது. அந்தந்த மக்களிடம் பெற்ற வரம்பையே முதலில் கொள்ளவேண்டும் என்றும், அது கிடைக்காதவிடத்து 4.0 என்னும் எல்லையைக் கொள்ளலாம் என்றும் அறிவித்தது. மகளிர் கிறித்தவக் கல்லூரியில் மேசன் எதிர்கொண்ட வினாவே இது. இடையில் சென்ற 86 ஆண்டுகளில் மூச்சுக்குழாயும் உருளையும் அருங்காட்சியகப் பொருள்களாகிவிட்டன. தமிழகத்துக் கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் அறிக்கைகளில் எந்த மக்களின் வரம்பு அச்சிடப்படுகிறது என்பதை மாவட்டவாரியாகத் தொகுத்து ஆராய்தல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.